சேற்றறிவும் ஏட்டறிவும்

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் கட்டைபறிச்சான். குடாவின் மறுகரையில் திருகோணமலைத் துறைமுகம் உலகறிந்த புகழோடு விளங்க, இக்கரையில் கடலும் களப்பும் வயலும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. பெரும்போக மழை விழுந்து வயல் சேறாகும் காலத்தில் இப்பகுதி உழவர் கண்டு பழகிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. உழவு இயந்திரத்தின் பின்சில்லுகளுள் ஒன்று சேற்றிற் புதைந்து வீணே சுழலும். சற்றே உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றைய சில்லோ அசையாதிருக்கும். இயந்திரத்தின் வலுவிற்குக் குறைவில்லை. அவ்வலு போகவேண்டிய இடத்திற்குப் போகவில்லை என்பதே குறை. ஓட்டுநர் காலடியிலுள்ள மிதியை அழுத்தி இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டுவார். இயந்திரம் மெல்ல மேலெழும். இச்சிறு நிகழ்ச்சியினுள் இயந்திரவியலின் அழகிய சிக்கலொன்று அடங்கியிருக்கின்றது. அதனைத் தீர்க்க முனைவோரின் முயற்சிகளை எடைபோடும் ஆக்கவுரிமைப் பரிசோதனையோ, ஓர் அறிவு யாருக்கு உரியது என்னும் மற்றொரு பெருஞ்சிக்கலை எழுப்புகின்றது. ‘பேற்றன்ட்’ என வழக்கிலுள்ள அவ்வுரிமையைச் சட்டப் புத்தகத்தில் மட்டுமன்றிச் சேற்றிலும் வைத்து நோக்குதல் பயனுடையது.

வண்டி திரும்பும்போது வெளிச்சில்லு நெடுந்தூரமும் உட்சில்லு குறுந்தூரமும் செல்லவேண்டும். இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பின் ஒன்று நிலத்திற் தேய்ந்தே இழுபடும். இவ்விடரை நீக்குவது வேலைத்தளங்களில் ‘டிபரன்சல்’ என வழங்கும் வேற்றுமைப் பற்சில்லுத் தொகுதி. 1820களின் இறுதியில் பிரான்சைச் சேர்ந்த பெக்கர் என்னும் பொறியியலாளர் நீராவி வண்டிக்கென இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழல இது இடமளிக்கின்றது. ஆயினும் முறுக்குவிசையை இரண்டிற்கும் சமமாகவே பகிர்கின்றது. இச்சமநீதியே சேற்றில் அநீதியாக மாறுகின்றது. சேற்றிலுள்ள சில்லு 200 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையை மாத்திரமே தாங்குமாயின், உறுதியான நிலத்திலுள்ள சில்லுக்கும் அதே 200 தான் கிடைக்கும். ஒரு சில்லு நிலத்தைவிட்டு முற்றாக எழுந்துவிட்டாலோ இரண்டிற்கும் கிடைப்பது ஏறக்குறையப் பூச்சியமே. வலியவன் மெலியவனின் அளவிற்கே உழைக்க முடியும் என்பது இதன் விதி.

மிதியால் இரு சில்லுகளையும் பூட்டுதல் ஒரு தீர்வு. ஆயின் பூட்டை விடுவிக்க மறந்து வரம்போரம் திரும்பினால் அச்சும் பற்சில்லும் பெரும் பாரத்திற்கு உள்ளாகும். எனவே முழுப் பூட்டிற்கும் முழு விடுதலைக்கும் இடைப்பட்ட ஒரு வழி தேடப்பட்டது. அதுவே வழுக்கலை மட்டுப்படுத்தும் டிபரன்சல். 1930களில் ஜெர்மானியப் பந்தயக் கார்களிலும், 1956இல் ஐக்கிய அமெரிக்காவின் பக்கார்ட் கார்களிலும் இத்தகைய அமைப்புகள் இடம்பெற்றன. இதன் ஒரு வகையில், பக்கப் பற்சில்லுக்கும் சுழலும் உறைக்கும் இடையே உராய்வுத் தட்டுகள் அடுக்கப்படும். ஒரு வில் அத்தட்டுகளை எப்பொழுதும் ஓரளவு நெருக்கிக்கொண்டிருக்கும். இந்நெருக்கமே முன்னழுத்தம். அது 150 நியூற்றன் மீற்றர் அளவிற்கு வழுக்கலைத் தடுக்குமாயின், மேற்கூறிய எடுத்துக்காட்டில் உறுதியான நிலத்திலுள்ள சில்லுக்கு 200க்குப் பதிலாக 350 கிடைக்கும். ஒரு சில்லு அந்தரத்தில் நின்றாலும் மற்றையதற்கு 150 எஞ்சும்.

முன்னழுத்தம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? சேற்றில் மிகுதியாகவும் தெருவில் குறைவாகவும் இருத்தல் நன்று. மிகுந்தால் திரும்புதல் கடினமாகும். ரயரும் தட்டும் தேயும். குறைந்தால் சேற்றிற் பயனில்லை. அன்றியும் தட்டுகள் தேயத் தேய முன்னழுத்தம் தானாகவே குன்றும். வழமையான முறையில் இதனைச் சரிசெய்ய உறையைக் கழற்றி மென்தகடுகளை இடைச்செருகல் வேண்டும். எண்ணெயை வடித்து, அச்சை இழுத்து, மீண்டும் பூட்டும் அவ்வேலை விதைப்புக் காலத்தில் ஒரு பகற்பொழுதையே விழுங்கிவிடும்.

இனி, கட்டைபறிச்சானில் வேலைத்தளம் வைத்திருக்கும் ஒருவர், உறையைக் கழற்றாமலே வெளியிலிருந்து ஒரு புரியாணியைத் திருப்பி முன்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி கண்டார் எனக் கொள்க. அதற்கு அவர் ஆக்கவுரிமை கோரினால் நிகழ்வது யாது?

இலங்கையில் 1906ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும், அதன்பின் 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டக்கோவையும் இத்துறையை ஆண்டன. அவற்றின் வழிவந்தது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அது மூன்று தகுதிகளை வேண்டி நிற்கின்றது. கண்டுபிடிப்பு புதியதாயிருத்தல் வேண்டும். துறையறிந்தவனுக்கு எளிதிற் புலப்படாத ஆக்கப்படி ஒன்று அதில் இருத்தல் வேண்டும். கைத்தொழிலிற் பயன்படத்தக்கதாயிருத்தல் வேண்டும். மூன்றும் நிறைவுறின் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு உரிமை கிட்டும்.

பரிசோதகர் முதலிற் செய்வது உரிமைக்கோரிக்கையை உறுப்பு உறுப்பாகப் பிரித்தலாகும். சுழலும் உறை, பற்சில்லுகள், உராய்வுத் தட்டுகள், அவற்றை நெருக்கும் வில், அவ்வில்லின் அழுத்தத்தை மாற்றும் புரியாணி என்பன தனித்தனியே நிறுத்தப்படும். இவை அனைத்தும் முன்னைய ஆவணம் ஒன்றிலேயே ஒருங்கு காணப்படின் புதுமை அற்றுப்போகும். அவ்வாறு இல்லையெனினும் ஆபத்து நீங்குவதில்லை. தட்டும் வில்லும் ஓர் ஆவணத்தில் இருக்க, வில்லின் அழுத்தத்தை ஆணியால் மாற்றும் முறை வேறோர் ஆவணத்தில் இருப்பின், இரண்டையும் இணைக்கத் துறையறிந்த ஒருவனுக்குத் தோன்றியிருக்குமா என்ற வினா எழும். ஆணியைத் திருப்பி வில்லை இறுக்கும் வழக்கத்தை அறியாத வேலைத்தளம் உலகில் எங்குள்ளது?

இவ்விடத்தில் இரு தீர்ப்புகள் நினைவுகூரத்தக்கன. பாத்திரங்களைக் கடையும் இயந்திரத்திற் செய்யப்பட்ட ஒரு திருத்தம் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. வேலைத்தளத் திருத்தம் என்ற அளவில் நிற்பது கண்டுபிடிப்பாகாது என்பதும், அறிந்த பொருள்களை ஆக்கத்திறனின்றி அருகருகே சேர்த்தல் உரிமைக்குப் போதாது என்பதும் அதன் சாரம். ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்த்த வழக்கு மோட்டார் வண்டியோடு நேரே தொடர்புடையது. இடம் மாற்றத்தக்க வேகமிதியோடு மின் உணரியைச் சேர்த்த அமைப்பிற்கு முன்னர் வழங்கப்பட்ட உரிமை அதிற் செல்லாதென்றாயிற்று. அறிந்த உறுப்புகளை அறிந்த முறையிற் சேர்த்து எதிர்பார்த்த பயனையே பெறுவது எளிதிற் புலப்படுவதே என நீதியரசர்கள் ஒருமனதாகக் கொண்டனர்.

அவ்வாறாயின் கட்டைபறிச்சான் வேலைத்தளக்காரருக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அது அவர் முதலில் எண்ணிய இடத்தில் இல்லை. வில்லை ஆணியால் இறுக்குவது பழையது. ஆயினும் அவ்வில் இருப்பது சுழலும் உறையினுள். அவ்வுறை இருப்பதோ எண்ணெய் நிறைந்த நிலையான வெளிக்கூட்டினுள். அசையாத வெளியிலிருந்து சுழலும் உள்ளுறுப்பின் அழுத்தத்தை எண்ணெய் கசியாமல் மாற்றுவது எவ்வாறு? வண்டியை நிறுத்தி, கூட்டிலுள்ள துவாரமும் உறையிலுள்ள ஆணியும் நேர்ப்படும்போது திருப்பலாம். அன்றேல் சுழலாத வளையமொன்றால் உந்து தாங்கியினூடாக அழுத்தலாம். இவ்விடர்ப்பாட்டை முன்னையோர் கூறாத வழியில் அவர் வென்றிருப்பாராயின் ஆக்கப்படி அங்கேதான் உள்ளது. ‘முன்னழுத்தத்தை மாற்றத்தக்க டிபரன்சல்’ என அகலக் கோரினால் அவர் தோற்பார். ‘இவ்வாறு மாற்றத்தக்க டிபரன்சல்’ எனக் குறுகக் கோரினால் வெல்லக்கூடும். கடுமையான பரிசோதனை கண்டுபிடிப்பாளனின் பகைவன் போலத் தோன்றினும், அவன் கண்டது எது என்பதை அவனுக்கே காட்டிக்கொடுக்கும் ஆசானும் அதுவே. அன்றியும், யாரேனும் ஒருவர் ஆணியையும் வில்லையும் தமக்கே உரியதாக்கி ஏனைய வேலைத்தளங்களின் கைகளைக் கட்டிவிடாதவாறு காப்பதும் அதுவே.

எனினும் பரிசோதனைக்கு இரு எல்லைகள் உள. முதலாவது, அது புதியதா என்று கேட்கின்றதேயன்றி வேண்டியதா என்று கேட்பதில்லை. இலங்கையரான பொறியியலாளர் றே விஜேவர்த்தன 1950களில் உருவாக்கிய ‘லாண்ட் மாஸ்டர்’ என்னும் இருசில்லு உழவு இயந்திரம் இதற்குச் சான்றாகும். அதன் பெயர் இந்நாட்டில் அவ்வகை இயந்திரங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. ஆனால் பின்னாளில் அவரே தம் படைப்பைக் கடுமையாக மதிப்பிட்டார். எருமையின் வேலையை இயந்திரமாக்கினோமேயன்றி உழவுமுறையைச் சீர்தூக்கிப் பார்க்கவில்லை என்பது அவர் கருத்து. மண்ணைப் பேணும் வேளாண்மையின்பால் அவர் திரும்பியதும் அதனாலேயே. இத்தகைய வினாவைத் தொடுக்க எந்தப் பரிசோதகருக்கும் அதிகாரமில்லை. அது உழவனுக்கும் அறிஞனுக்கும் விடப்பட்ட வினா.

இரண்டாவது எல்லை இன்னும் ஆழமானது. உலகில் எங்கேனும் எழுத்தாலோ சொல்லாலோ பயன்பாட்டாலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்ட அனைத்தும் முன்னறிவு என்றே இலங்கைச் சட்டம் கூறுகின்றது. ஆகவே கட்டைபறிச்சான் வயலில் பலர் காண இயங்கிய ஓர் அமைப்பும் சட்டத்தின் கண்ணில் முன்னறிவுதான். ஆனால் பரிசோதகரின் கண் வயல்வரை எட்டுவதில்லை. அவர் தேடுவது பாகுபடுத்தி அடுக்கப்பட்ட ஆவணங்களுள். ஏட்டில் ஏறாத அறிவு, சட்டத்தில் உயிரோடிருந்தும் தேடலில் இறந்ததாகவே எண்ணப்படும்.

மஞ்சளின் கதை இதனை நன்கு விளக்கும். புண்ணை ஆற்ற மஞ்சட்பொடியைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் உரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டுப் பாட்டிமார் அனைவரும் அறிந்த செய்தி அது. ஆயினும் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில், பிற நாட்டில் வாய்மொழியாகவும் பயன்பாட்டிலும் மட்டும் இருந்த அறிவு முன்னறிவாக ஏற்கப்படவில்லை. இந்திய அறிவியல், தொழிலக ஆய்வுக் குழுமம் பழைய நூல்களையும் அச்சிட்ட ஆய்வுக் கட்டுரையையும் தேடியெடுத்து முன்வைத்த பின்னரே 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. கோடிக்கணக்கானோரின் கைப்பழக்கம் செய்ய இயலாததைச் சில தாள்கள் செய்தன. அமெரிக்கச் சட்டத்தின் அக்குறை 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. ஆனால் எழுதப்படாததைத் தேடிக் காண்பது எங்ஙனம் என்னும் இடர் நீங்கவில்லை.

மஞ்சளுக்கேனும் பழஞ்சுவடிகள் துணைநின்றன. டிபரன்சலுக்கு நம்மிடம் என்ன சுவடி உண்டு? உதிரிப்பாகம் கிடையாத காலங்களில் ஈழத்துத் தமிழ் வேலைத்தளங்கள் தாமே கடைந்தும் ஒட்டியும் மாற்றியும் இயந்திரங்களை ஓடவைத்தன. அவ்வறிவு குருவிடமிருந்து மாணவன் கைக்கு நேரே சென்றது, தாளைத் தொடவில்லை. 2006இல் போர் மூதூர் கிழக்கு மக்களை இடம்பெயரச் செய்தபோது வீடும் வயலும் மட்டும் கைவிடப்படவில்லை. கையோடு கை வந்த தொழிற்பழக்கங்களின் தொடரும் அறுபட்டது. எழுதி வைத்த அறிவை இன்னொருவன் இன்னோரிடத்தில் எடுத்தாளலாம். கையில் மட்டும் இருந்த அறிவோ கைகள் சிதறும்போது தானும் சிதறுகின்றது. ஆக்கவுரிமை கிட்டாமற் போவதினும் பெரிய இழப்பு இது.

இவ்விடத்தில் பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு கடமை உண்டு. நம் நாட்டிற் பொறியியல் ஆங்கிலத்திலே கற்பிக்கப்படுகின்றது. வேலைத்தளமோ தமிழிலே பேசுகின்றது. சில்லு, புரி, தட்டு, வில் எனத் தொழிலாளர் நாவில் வாழும் சொற்களைக் கொண்டே அவர்களுடைய திருத்தங்களை வரைபடத்தோடும் அளவோடும் நாளோடும் எழுதி வெளியிடுதல் அரிய செயலன்று. அவ்வாறு வெளியிடப்பட்ட குறிப்பு, பின்னாளில் வேறொருவர் அதற்குத் தனியுரிமை கோருங்கால் தடையாக நிற்கும். உண்மையில் புதிதாக ஒன்றைக் கண்டவராயின், வெளியிடுமுன் விண்ணப்பித்துத் தம் உரிமையைப் பெறவும் அதே வரைபடம் உதவும். எதைப் பொதுவில் வைப்பது, எதற்கு உரிமை கோருவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கண்டவருக்கே உரியது. அவ்வுரிமையை அவர் செலுத்துவதற்கேனும் அவர் கண்டது முதலிற் தாளில் இருத்தல் வேண்டும்.

சேற்றறிவு ஏட்டறிவுக்குத் தாழ்ந்ததன்று. பெரும்பாலும் அதற்கு முந்தியது. ஆனால் முந்தியது என்பதை நிறுவும் பொறுப்பு சேற்றைச் சார்ந்ததன்று. எழுதத் தெரிந்தோரைச் சார்ந்தது.