ஆராதனைக்கு யார் முறை?

உதகமண்டலம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்றுக் காலை மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறி மத்தியானம் ஊட்டி வந்து சேர்ந்தேன். மடத்து விருந்தினர் அறையில்தான் தங்கல். இரண்டு கம்பளி போதவில்லை. மூன்றாவதை ஒரு சிஸ்டர் தன் கட்டிலிலிருந்தே எடுத்து வந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் சிரிக்கிறார்.

நீங்கள் படித்த ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை 1947இல் தொடங்கினார்களே, அந்த எஃப்.எம்.எம். (மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்பாளர்) சிஸ்டர்களின் மடம்தான் இது. அவர்கள் சபை பிறந்த ஊரும் இதுதான் அக்கா. பிரான்சில் நான்ட் நகரத்தில் 1839இல் பிறந்த எலேன் தெ ஷப்போத்தின் என்ற பெண், துறவறத்தில் ‘பாடுகளின் மரியா’ ஆகி, 1865இல் நம் மதுரை மிஷனுக்கு வந்தார். பதினோரு வருடம் கழித்து, அவர் இருந்த சபைக்குள்ளேயே பெரிய மனத்தாங்கல் மூண்டது. இருபது பேர் பிரிந்து இந்த ஊட்டியில் வந்து கூடினார்கள். அப்போது ரயில் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும். ஊட்டிக்கு அது வந்தது 1908இல்தான். அந்த மலைப்பாதையில், வந்த வழி திரும்ப முடியாது என்று தெரிந்தே ஏறியிருப்பார்கள். 1877 ஜனவரி 6இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் புதுச் சபைக்கு அனுமதி தந்தார். 2002இல் பாடுகளின் மரியாவுக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது.

பட்டத்தைவிட அந்தப் பிரிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேர்ந்து வாழ்வது எவ்வளவு கடினம் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் தொடங்கிய வீடு இது. சுப்பீரியரிடம் இதைச் சொன்னேன். “சண்டை வராத மடம் ஏதும்மா? ராத்திரி ஜெபத்துக்கு முன்னால பேசித் தீர்த்துடணும், அவ்வளவுதான்” என்றார்.

இந்த மடத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். தமிழ், மலையாளம், கொங்கணி, சந்தாலி என்று வீட்டுமொழி நாலு. பள்ளியில் பாடம் நடத்துபவரின் சம்பளம் அப்படியே பொதுப் பணத்தில் சேர்கிறது. ஐம்பது வயதுப் பெண், பஸ் காசுக்குச் சுப்பீரியரிடம் கை நீட்டுகிறார். பார்க்க எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, அவருக்கு இல்லை. விடியுமுன் கோவிலில் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்து திருப்புகழ்மாலையை மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு வயதான சிஸ்டருக்கு இருமல் வந்தால், அது அடங்கும்வரை எதிர்ப்பக்கம் பேசாமல் காத்திருக்கிறது.

நற்கருணை ஆராதனை இவர்கள் சபைக்கு உயிர்நாடி. கோவில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அரைமணிக்கு ஒரு பெயர். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தாலும் முறை வந்தால் கை துடைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்தவர் வந்து கரண்டியை வாங்கிக்கொள்கிறார். உறவுமுறை ஏதும் இல்லாத ஏழு பெண்களை இந்த முறைதான் ஒரு குடும்பமாகக் கட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்று மத்தியானம் ஒரு சிஸ்டரோடு தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்குப் போனேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே நிறைய. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பாட்டி ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். சிஸ்டர் வெந்நீர் வைத்து அவர் காலைக் கழுவி, நகம் வெட்டி, மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, முதியோர் பென்ஷன் மனுவை மறுபடி எழுதினார். முதல் மனு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. சிஸ்டர் இந்த முறை இரண்டு நகல் எடுத்துக்கொண்டார்.

பாட்டிக்கு இன்னும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அந்த சிஸ்டருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஒன்பது வருடமாக இந்த ஊர். அடுத்த மாதம் ஒரு பெட்டியோடு கிளம்ப வேண்டும். அனுப்பப்படுவதற்காகத்தானே வந்தோம் என்று சொன்னார். சொல்லிவிட்டு, வரும் வழியெல்லாம் பேசவில்லை. மடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கோவிலுக்குள் போனார். அவர் முறை ஐந்தரைக்கு. காலில் தோட்டத்துச் செம்மண் அப்படியே இருந்தது.

நாளை பஸ்ஸில் கோவைக்கு இறங்குகிறேன். இருமல் சிஸ்டருக்கு இன்று காய்ச்சல். கதவில் இருக்கும் தாளில் காலை ஒன்பது மணிக்கு நேராக அவர் பெயரை அடித்து, பக்கத்தில் ‘விருந்தாளி’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அரைமணி நேரம் இருந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை