காற்றைச் சலிக்கும் வேலி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்ட எனக்கு அது வெறும் பழமொழி அல்ல, அனுபவம்!

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் வந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் கேரள எல்லை மலைகள், மறுபக்கம் மேகமலை. நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் வயல்கள், தென்னை, வாழை, பன்னீர் திராட்சைப் பந்தல்கள் என்று கண் நிறைந்துவிடும். ஆனால் ஆனி பிறந்தால் போதும், மலை இடுக்குகளில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தோட்டத்தையே உலுக்கி எடுத்துவிடும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் இந்தக் காற்றை நம்பித்தானே!

ஒரு வருஷம் எங்கள் கொல்லையில் தார் போட்டிருந்த ஆறு வாழைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டன. மேற்கே செங்கல் சுவர் எழுப்பினோம். மறு வருஷமும் சாய்ந்தன! சின்னமனூரிலிருந்து வந்த அயித்தை பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

"செவத்துல முட்டுன காத்து ஏறிக் குதிச்சு இங்கன வந்து விழுகுது தாயி. செடின்னா சல்லடை மாதிரி, காத்தைச் சலிச்சுல்ல விடும்!"

அவர்கள் யோசனைப்படி சுவரை எடுத்துவிட்டு, மேற்கு ஓரமாக மூன்று வரிசை வைத்தோம். காற்று முதலில் மோதும் வெளி வரிசையில் நொச்சியும் ஆடாதோடையும். இவற்றில் ஆடு வாய் வைக்காது. நடுவில் பூவரசு, கம்பு நட்டாலே துளிர்த்துவிடும். உள்ளே வேம்பும் புங்கமும். எல்லாம் நம் மண்ணுக்குப் பழகியவை. முன்வரிசையின் இடைவெளிக்கு நேராகப் பின்வரிசைக் கன்று வரவேண்டும். ஐப்பசி மழையில் நட்டால் ஆடிக்குள் வேர் பிடித்துவிடும். வேம்பை வீட்டுச் சுவருக்கு 15 அடியாவது தள்ளி வையுங்கள். முருங்கை மட்டும் இந்த வரிசையில் வேண்டாம், அடித்த காற்றில் முறிந்து விழும்.

வேலி 20 அடி உயர்ந்தால், அதற்கு அப்பால் ஏறக்குறைய 200 அடி வரை காற்றின் வேகம் தணியும்.

சளி பிடித்தால் ஆவி பிடிக்க நொச்சி இலை கொல்லையிலேயே இருக்கிறது. இருமலுக்கு ஆடாதோடைக் கஷாயம் உண்டு. கர்ப்பிணிகள் மட்டும் அதைத் தொடக்கூடாது.

இப்போது ஐந்தாவது ஆடி. அம்மி இருந்த இடத்தில் இருக்கிறது. வாழையும்தான்!