என் பேரைச் சொல்லிடாதீங்க அக்கா

போன மாதம் காலை நிகழ்ச்சியில் பள்ளிக்கூடப் பைகளின் கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சோடு பேச்சாக என் மகளைப் பற்றியும் சொன்னேன், அவளை நாங்கள் தத்தெடுத்தோம் என்பதும் அதில் வந்தது. எங்கள் வீட்டில் அது ரகசியம் இல்லை. அதனால் தயக்கமில்லாமல் வாயில் வந்தது, அடுத்த பாட்டைப் போட்டுவிட்டேன்.

மதியத்திற்குள் வாட்ஸ்ஆப்பில் பதினேழு குரல் பதிவுகள். ஒன்றுகூட விருப்பப் பாடல் இல்லை. எல்லாரும் தத்தெடுத்தவர்கள் அல்லது எடுக்கக் காத்திருப்பவர்கள். ஓர் அம்மா காருக்குள் உட்கார்ந்து பேசியிருந்தார், வீட்டில் மாமியார் இருக்கிறாராம். "என் பையன் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து வாசக் கதவு பூட்டியிருக்கான்னு தொட்டுப் பாத்துட்டு வந்து படுக்கிறான். இத யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "என் பேரைச் சொல்லிடாதீங்க அக்கா." பதினேழு பேரில் பெரும்பாலோர் அந்த வாக்கியத்தில்தான் முடித்திருந்தார்கள்.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. என் பாட்டியே தத்துப்பிள்ளை.

அப்பாவைப் பெற்ற பாட்டி, சீனக் குடும்பத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலம் முடிந்த கையோடு, கைக்குழந்தையாக, ஊத்தான் மெலிந்தாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குத் தூக்கிவரப்பட்டார். தெலுக் இந்தானுக்கு அப்போது தெலுக் அன்சன் என்று பெயர். சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளை நம்மவர்களிடம் கொடுத்தது மலாயாவில் பல ஊர்களில் நடந்ததுதான். வறுமை, ஆண் பிள்ளை ஆசை, ஜாதகம் சரியில்லை என்ற பயம் என்று காரணங்கள் பல. இன்றைக்கும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் பழைய தோட்டத்துக் கோயில்களில் புடவையும் மூக்குத்தியுமாக, சுத்தமான தமிழில் அதட்டிப் பேசும் சீன முகப் பாட்டிகளைப் பார்க்கலாம். என் பாட்டி பஸ் ஏறினால் கண்டக்டர் சீனத்தில் கேட்பாராம், பாட்டி தமிழில் சில்லறை கேட்பாராம்.

அவரை வளர்த்த அம்மா விடியற்காலை பெரட்டுக்குப் போனால், பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். அங்கிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் சோறு உண்டு. காய்ச்சல் என்றால் லயத்தில் பாதிப்பேர் மந்திரிக்க வந்துவிடுவார்கள். "சீனத்தி மவ" என்று கூப்பிடுவார்களாம், அதில் கேலியும் இருந்தது, உரிமையும் இருந்தது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு, பெற்றது நான்தான் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் சந்தேகத்தை யாரிடமும் கேட்கலாம், குறையை யாரிடமும் அழலாம். இன்று நம்மிடம் இல்லாமல் போனது அதுதான். நம் பிள்ளைகளின் நிறமும் முகமும் நமக்கு ஒத்துப்போகின்றன, மறைக்க வசதியாக இருக்கிறது. மறைத்த பிறகு உதவி கேட்க வாய் வராது.

பாட்டி காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. டவுனுக்குப் போன ஒரு நாள், "என்னைக் கொடுத்தவங்க இந்த ஊர்லதான் இருப்பாங்களா?" என்று பாட்டி கேட்டதாக அப்பா சொல்வார். பதில் தெரிந்தவர்கள் அப்போதே உயிரோடு இல்லை.

அப்படிப்பட்ட வீட்டிலேயே, எங்களுக்குப் பிள்ளை வரப்போகிறது என்றதும் பெரியம்மா ஒரு யோசனை சொன்னார். "ஆறு மாசம் கே.எல்.லயே இருந்துட்டு வாங்க. வேற ஊர்ல பொறந்துச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?" பிள்ளைக்கு அப்போது வயது இரண்டேகால்! அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு, "இந்த வீட்லயா?" என்று மட்டும் கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

மகள் எங்களிடம் வருவதற்கு முன் மூன்று வீடுகளில் இருந்தவள். அவளுடைய கதையில் அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை, பெரியவளானதும் அவள் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்வாள். நான் சொல்ல முடிந்தது எங்கள் பக்கத்தை.

வேலைச் சட்டத்தில் 2023 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அது பெற்றவளுக்கு. தத்தெடுத்தவளுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. முதலாளி மனம் வைத்தால் உண்டு. எனக்கு ஆண்டு விடுப்பு போக, சம்பளமில்லாத இரண்டு மாதம் கிடைத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெலுக் இந்தானில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கணவர் வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை திரும்புவார்.

முதல் வாரம் வீடு நிறைய ஆள். ஆரத்தி, தங்கச் சங்கிலி, பொம்மை, கேக். பிள்ளை யார் கை நீட்டினாலும் போனாள். "பாரேன், முகம் பாக்காமப் போவுது, நல்ல பிள்ளை" என்று எல்லாருக்கும் சந்தோஷம். என்னிடம் மட்டும் வரமாட்டாள். விழுந்து முட்டி சிராய்த்தால் அழமாட்டாள், எழுந்து போய்க்கொண்டே இருப்பாள். இரவில் தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டு இருக்கும். எடுத்து வைத்தால், மறுநாள் இரண்டு துண்டு.

இரண்டாம் வாரம் யாரும் வரவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்கே தெரியும். மூலிகைக் குளியல், உடம்பு பிடித்துவிட ஆள், பூண்டுக் குழம்பு, நாற்பது நாள் படுக்கை. இரண்டேகால் வயதில் பிள்ளை வந்தவளுக்கு என்ன செய்வது? யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் ஒதுங்கிவிட்டார்கள்.

ரொட்டி விஷயத்திற்கு விடை தந்தது அரசாங்க கிளினிக்கில் ஒரு மலாய் மிஸ்ஸி. தடுப்பூசிக்குப் போனபோது, பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தில் குடும்ப நோய் வரலாறு காலியாக இருப்பதைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ரொட்டியைப் பிடுங்காதீர்கள், மூடிபோட்ட டப்பாவில் பிஸ்கட் போட்டு அவள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள், இந்த வீட்டில் சாப்பாடு தீராது என்று அவளுக்கே புரிய வேண்டும் என்றார். பல கை மாறிய பிள்ளைகள் யாரிடமும் போவார்கள், அது பாசம் என்று நினைக்க வேண்டாம், சில மாதங்கள் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நீங்கள் இருவர் மட்டும் செய்யுங்கள் என்றும் சொன்னார். டப்பா ஏழு வாரம் கட்டில் ஓரத்தில் இருந்தது. எட்டாவது வாரம் அதை அவளே கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தாள்.

மற்ற யோசனைதான் வீட்டில் சண்டையைக் கிளப்பியது. "பேத்திக்கு ஒரு வாய் ஊட்டக் கூடாதா?" என்று மாமியார் போனில் அழுதார். சரியான கேள்விதான். பெரியவர்களுக்கு என்ன வேலை என்று யாராவது சொல்ல வேண்டாமா? என் அம்மா அதைத் தானாகவே கண்டுபிடித்தார். ஒரு நாள் மத்தியானம் பூண்டும் மிளகும் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்து என் தட்டில் ஊற்றினார். "பெத்தா என்ன, வந்தா என்ன. நீயும் தூங்காமத்தான கெடக்குற." அன்றிலிருந்து பிள்ளையை அவர் தூக்கவில்லை. துணி துவைத்தார், சமைத்தார், வாசலில் வந்தவர்களைப் பேசி அனுப்பினார். தத்தெடுத்த வீட்டுக்கு உதவ நினைக்கும் அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான்: குழம்பு வையுங்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று பார்த்தேன். தீபகற்பத்தில் தத்தெடுப்புக்கு இரண்டு சட்டங்கள், இரண்டும் 1952-இல் வந்தவை. சட்டம் 257 நீதிமன்றம் வழியாக, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும். பிள்ளை தொடர்ந்து மூன்று மாதமாவது நம்மிடம் இருந்திருக்க வேண்டும். பெரும்பாலும் சமூக நல இலாகா அதிகாரி ஒருவர் பிள்ளையின் சார்பில் விசாரித்து அறிக்கை தருவார். சட்டம் 253 தேசியப் பதிவு இலாகாவில் பதிவு செய்வது, இரண்டு ஆண்டு வளர்த்திருக்க வேண்டும். எங்களுடையது நீதிமன்ற வழி. வந்த அதிகாரி அன்பானவர், பிள்ளை எங்கே தூங்குகிறாள் என்று கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். உத்தரவு கிடைத்த அன்று வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்குச் சட்டம் கொடுத்த வேலை அங்கேயே முடிகிறது. எங்கள் வேலை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்திற்கு ஒரு முறை யாராவது வந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். எழுத வருகிறவரிடம் கஷ்டத்தைச் சொல்லப் பயப்படும் பெற்றோர் இருப்பார்கள். இருந்தாலும் கதவைத் தட்ட ஓர் ஆள் வருகிறார். இங்கிலாந்தில் 2015 முதல் தத்துப்பிள்ளைகளின் மனநல சிகிச்சைக்கென்றே அரசாங்க நிதி இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு வரை கிடைத்ததை 2025-இல் 3,000 ஆகக் குறைத்ததற்குப் பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். நமக்கு 15999 தாலியான் காசிஹ் இருக்கிறது, நெருக்கடி என்றால் தயங்காமல் அழைக்கலாம். ஆனால் தலையணைக்கு அடியில் ரொட்டி இருப்பதை நெருக்கடி என்று யார் நினைப்பார்கள்?

அந்த வருடச் சித்ரா பௌர்ணமிக்குப் பிள்ளையைத் தேர் பார்க்கக் கூட்டிப் போனோம். தெலுக் இந்தானில் அன்று யாரைப் பார்க்காமல் தப்பிக்க முடியும்? தெரிந்த முகம் ஒவ்வொன்றும் நின்று கேட்டது. "யாரு பிள்ள?" எங்க பிள்ளை. "எப்போ பொறந்துச்சு?" தத்தெடுத்தோம். சிலர் முகம் மாறியது. ஒருவர், பிள்ளை கேட்கும்படியே, "யாரு ரத்தமோ, பாத்து வளம்மா" என்றார். கணவர் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து இருட்டும் நேரத்தில் ஓர் அக்கா வீட்டுக்கு வந்தார். தையல் வேலை செய்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஊர் சின்னது, தொழிலை மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டதே அவர்தான். கோயிலில் நான் பதில் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. உட்காரவில்லை. "எனக்கும் ஒரு பையன்" என்றார். பதினெட்டு வருடமாக அவர் கணவரைத் தவிர யாரிடமும் பேசாத விஷயம். அன்று இரவு பத்து மணிவரை பேசினார்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தது. கூட்டம் என்றால் நான்கு குடும்பம். லங்காப்பிலிருந்து ஒன்று, பீடோரிலிருந்து ஒன்று, அக்கா, நாங்கள். மாதம் ஒரு முறை அம்மா வீட்டு அஞ்சடியில். யாராவது மீ ரோஜா வாங்கி வருவார்கள், பிள்ளைகள் சைக்கிளோடு ஓடிவிடுவார்கள். பெயர் வைக்கவில்லை, தலைவர் இல்லை, சந்தாவும் இல்லை. நான் கே.எல்.லிலிருந்து இதற்காகவே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அங்கே பேசுவது பெரும்பாலும் சில்லறைச் சமாச்சாரம். பள்ளியில் 'குடும்ப மரம்' வரைந்து வரச் சொன்னால் என்ன செய்வது? பீடோர் அண்ணன் ஆசிரியரிடம் முன்னமே பேசிவிட்டார். அவருடைய மகன் கிளைகளில் வளர்த்தவர்களையும் வேரில் பெயர் தெரியாத இருவரையும் வரைந்தான். சில சமயம் பெரிய சமாச்சாரமும் வரும். 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் 'பிள்ளை' என்று ஏற்பது நீதிமன்ற வழியில், அதாவது 257-இன் கீழ், தத்தெடுக்கப்பட்ட பிள்ளையைத்தான். பதிவு இலாகா வழியில் எடுத்த லங்காப் தம்பதிக்கு இது தெரியாது. தெரிந்த மறுவாரமே வக்கீலைப் பார்த்து உயில் எழுதினார்கள். உங்களுடையது எந்த வழி என்று இன்றைக்கே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பெற்ற தாய் இந்நாட்டுக் குடிமகளாக இல்லையென்றால், தத்து உத்தரவு மட்டும் பிள்ளைக்குக் குடியுரிமை வாங்கித் தராது. அரசியலமைப்பின் 15A பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், காத்திருப்பு நீளமானது. அதற்குப் பிள்ளைக்கு அடையாளக் கார்டு எடுக்கும் வயது வரும்வரை காத்திருக்காதீர்கள்.

காரில் உட்கார்ந்து பேசிய அந்த அம்மாவுக்குத் திரும்ப அழைத்தேன். என்னிடம் மருந்து ஒன்றும் இல்லை. கதவைத் தொட்டுப் பார்க்க அவனோடு கூடவே எழுந்து போகச் சொன்னார் லங்காப் அக்கா, அவர் மகளும் அப்படித்தான் இருந்தாளாம். அதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றிருக்கிறார், மாமியாரிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு.

தையல்கார அக்காவின் மகன் இந்த வருடம் எஸ்.டி.பி.எம். எழுதுகிறான். அவனுக்கு இன்னும் தெரியாது. சொந்தக்காரர்களில் ஆறு பேருக்குத் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் யாராவது வாய் தவறினால் போதும். பரீட்சை முடியட்டும் என்கிறார் அக்கா. பீடோர் அண்ணன், நாளைக்கே சொல்லுங்கள் என்கிறார். பரீட்சைக்குப் பிறகு பல்கலைக்கழகம், அதற்குப் பிறகு வேலை, சொல்லாமல் இருக்கக் காரணம் வந்துகொண்டேதான் இருக்கும் என்பது அவர் வாதம். நானும் அவர் பக்கம்தான். போன கூட்டத்தில் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ ரேடியோவுல பேசுறவ. மொத வரி என்னன்னு எனக்குச் சொல்லிக் குடேன்."

ஒரு தாளை எடுத்துவைத்து உட்கார்ந்திருக்கிறோம். இதுவரை நான்கு முதல் வரி எழுதி அடித்திருக்கிறோம்.