பெயர் மாறினால் பெருமையா?

பன்றி என்றால் மூக்கைப் பொத்துகிறோம். பேக்கன் என்றால் நாவில் நீர் ஊறுகிறது! விலங்கு ஒன்று, இறைச்சி ஒன்று, இடையே நிற்பது ஒரு சொல். அந்தச் சொல்லின் வலிமையைக் கல்லூரியில் நான் பயின்ற எந்த ஏடும் எனக்குக் கற்பிக்கவில்லை. வாடகை வீட்டு அடுக்களையில் கற்றேன்.

அமெரிக்க மக்கள் விரும்பி உண்ணும் பண்டம் ஒன்றுண்டு. பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்தி, புகையூட்டி, மெல்லிய கீற்றுகளாக அரிந்தெடுத்தால் அது பேக்கன். அதன்மீது பழுப்புச் சர்க்கரையும் மிளகாய்த் தூளும் தூவி, சர்க்கரை பாகாகி இறுகும்வரை சுட்டெடுத்தால், இனிப்பும் காரமும் உப்பும் ஒன்றையொன்று துரத்தும் தின்பண்டமாகிவிடும். 'பன்றி மிட்டாய்' என்றே அதற்கு ஒரு பெயர் அங்கே வழங்குகிறது. ஒளிவு இல்லை, மறைவு இல்லை! வாய்நிறையப் பெயரைச் சொல்லி, வாய்நிறையத் தின்கின்றனர்.

நகரத்துக் கடையொன்றின் குளிர்ப்பெட்டியில் கால் கிலோ பொட்டலத்தைக் கண்டேன்; வாங்கி வந்தேன். அம்மா அடுப்படியில் இடம் தந்தார், பாத்திரம் தரவில்லை. பரண்மேல் கிடந்த பழைய தட்டொன்றை எடுத்துக் கொடுத்து, "இனி இதை மற்றப் பாத்திரங்களோடு சேர்க்காதே, கண்ணு" என்றார். அம்மாவிடம் வாதிட்டு வென்றவர் யார்? தட்டைப் பெற்றுக்கொண்டேன்.

முறை கடினமானதன்று. கால் கிலோவுக்கு 50 கிராம் நாட்டுச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூள், அதே அளவு புதிதாய்ப் பொடித்த மிளகு. உப்பு வேண்டா, முன்பே ஏறியிருக்கிறது. தட்டின்மேல் கம்பிவலை வைத்து, அதன்மேல் கீற்றுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும். உருகும் கொழுப்பு கீழே வடியும். சர்க்கரைக் கலவையில் பாதியைத் தூவி, 180 பாகை வெப்பத்தில் ஓவனில் 15 நிமிடம் வைத்து, பிறகு திருப்பிப் போட்டு, மீதியையும் தூவி மேலும் 10 அல்லது 15 நிமிடம். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் யார் அழைத்தாலும் அகலலாகாது. பொன்னிறம் கரிநிறமாக நெடுநேரம் ஆவதில்லை! எடுத்தவுடன் கீற்று வளையும். ஆறிய பின்னரே முறியும். அடுப்பிலேயே மொறுமொறுப்பைத் தேடுவோர் கரியைத்தான் காண்பர். ஓவன் இல்லாதவர் தோசைக்கல்லில் இளந்தீயில் வாட்டி, வடிந்த கொழுப்பை ஊற்றிவிட்டு, இறுதியில் சர்க்கரை தூவிப் புரட்டலாம். நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியைப் பொடித்துப் போட்டால் இன்னும் நன்று என்பது என் கட்சி.

மணம் மாடி ஏறிற்று. வீட்டுக்காரர் இறங்கி வந்தார்.

"என்ன தம்பி, மணம் ஆளைத் தூக்குகிறதே!"

"பேக்கன், அய்யா."

"ஓகோ! அமெரிக்காவில் என் மகன் காலையில் அதைத்தான் சாப்பிடுகிறானாம். படமெல்லாம் அனுப்பினான்."

அவர் முகத்தில் பெருமிதம் பூத்தது. ஒரு கீற்றை எடுத்துத் தந்திருந்தால் உண்டிருப்பார் என்றே எண்ணுகிறேன். அறியாமல் ஒருவரை உண்ணச் செய்வது அறமன்று; ஆகவே, "பன்றிக்கறிதான், அய்யா" என்றேன். பூத்தது கருகிற்று! "இதையெல்லாம் குடும்பம் இருக்கும் வீட்டில்..." என்று தொடங்கியவர், முடிக்காமலே படியேறினார். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். கடல் கடந்த மகனின் தட்டில் இருந்தவரை நாகரிகம். கீழ்வீட்டு வாத்தியாரின் அடுப்பில் ஏறியதும் அசிங்கம்!

உண்ணாதிருப்பது ஒருவரின் உரிமை. மார்க்கம் விலக்கியது என்று இசுலாமியத் தோழர் உண்ணார். கொலை வேண்டா என்று மரக்கறியாளர் உண்ணார். இவர்களோடு எனக்கு வழக்கில்லை. மருத்துவமும் எச்சரிக்கிறது: பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல், புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது, நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடும் என்றது. ஆகவே அன்றாடம் உண்ணும் பண்டம் அன்று இது. ஆனால், "எனக்கு வேண்டா" என்பது வேறு. "உண்பவன் இழிந்தவன்" என்பது வேறு. முன்னது விருப்பம்; பின்னது சாதி.

தமிழர் மரபுக்கு ஒவ்வாத உணவு என்று சிலர் கூறக் கேட்கிறேன். எந்த மரபுக்கு? பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டட்டும். கள் அடுவோர் இல்லத்தில், ஆண் பன்றிக்கு நெல்மாவு ஊட்டி, பெண் பன்றியோடு சேரவிடாமல் குழியில் நிறுத்திப் பன்னாள் வளர்த்து, அதன் கொழுத்த நிணத்தைக் கள்ளோடு விருந்தாக்கிய செய்தி அங்கே இருக்கிறது. கொழுப்பேற்றி வளர்க்கும் கலையை நாம் எவரிடமும் கடன் வாங்கவில்லை! சங்கப் பாட்டு சான்றாகாது, பக்தி நூல்தான் வேண்டும் என்பாரேல், பெரியபுராணம் இருக்கவே இருக்கிறது. கண்ணப்பர் பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டி, மென்று பதம் பார்த்துப் படைத்தார். மறுமுறை தேனையும் கலந்து, தித்திக்கும் என்று சொல்லியே படைத்தார் என்கிறார் சேக்கிழார். புராணத்தை நம்பச் சொல்லி நான் இதை எழுதவில்லை. சமையற் குறிப்பாகப் படித்தால் என் கம்பிவலைக்கும் அந்தக் காட்டுத் தீக்கும் தொலைவு அதிகமில்லை, அவ்வளவுதான். கோயிலில் அந்தக் கதைக்குக் கண்ணீர் சொரிவோர், வீதியில் அந்த இறைச்சிக்கு மூக்கைப் பொத்துவதேன்?

என் வகுப்பில் ஒரு மாணவன். தந்தை பன்றி வளர்ப்பவர். ஊரின் ஓரத்தில் குடியிருப்பு. அவன் பெயரைச் சொல்லி அழைத்தவர் சிலரே. மற்றவர்க்கு அவன் 'பன்னி'. அவன் பலகையில் தனியே அமர்வதைக் கண்டு ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, வால்டர் ஸ்காட் 1819இல் வெளியிட்ட 'ஐவன்ஹோ' புதினத்தின் தொடக்கத்தைக் கதையாகச் சொன்னேன். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின் ஆள்வோர் மொழி பிரெஞ்சு; உழைப்போர் மொழி சாக்சன். காட்டில் மேய்க்கும்போது பன்றிக்குச் சாக்சன் பெயர் 'ஸ்வைன்'. வெந்து பிரபுவின் மேசைக்கு வந்ததும் பிரெஞ்சுப் பெயர் 'போர்க்'. மேய்ப்பவன் வாயில் ஒரு சொல், மெல்லுபவன் வாயில் வேறொரு சொல்! விதூடகன் வாம்பா இதைப் பன்றி மேய்க்கும் குர்த்துக்கு விளக்குகிறான்.

"பன்றி எத்தனை நாள் சினையாக இருக்கும்?" என்று வகுப்பைக் கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை. "மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள்" என்றான் அவன், எழுந்து நின்று. ஓர் ஈற்றில் எத்தனை குட்டி, பிறந்த குட்டிக்குக் குளிர் ஏன் ஆகாது, தாய் புரளும்போது குட்டிகள் நசுங்காமல் காப்பது எப்படி என்று கேள்விகள் கிளம்பின. பத்து நிமிடம் அவனே ஆசிரியன். நான் ஓரமாய் நின்றேன்.

மணி அடித்தபின் என்னிடம் வந்தான். வெள்ளைக்காரர்கள் செய்வதுபோல் தன் வீட்டிலும் செய்ய முடியுமா என்று கேட்டான். ஒரு கிலோ வயிற்றுக்கறிக்கு 30 கிராம் உப்பு, சிறிது சர்க்கரை, ஒரு வாரக் குளிர் என்று சொன்னேன். குளிர்தான் தடை, இங்கிலாந்திலேயே அது நெடுங்காலம் குளிர்காலத் தொழிலாகத்தான் இருந்தது. வில்ட்சயர் மாவட்டத்துக் கால்ன் ஊரின் ஹாரிசு குடும்பத்தார் பனிக்கட்டியால் குளிரூட்டும் பதனக் கூடத்துக்கு 1864இல் காப்புரிமை பெற்ற பிறகே கோடையிலும் அங்கே வேலை நடந்தது என்றேன். "உங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லையே, தம்பி?"

சற்று நினைத்துப் பார்த்தான்.

"மீன்காரரிடம் ஐஸ் பெட்டி இருக்கிறது, அய்யா. கேட்டுப் பார்க்கிறேன்."