ஆடுகளத்தில் ஒரு நீதிக் கணக்கு

பங்கு மடலில் எழுதிய ஒன்றை அடுத்த மாதமே மறுத்து எழுத வேண்டிய நிலை நமது குருத்துவ வாழ்வில் ஒரே ஒருமுறைதான் ஏற்பட்டது. அதற்குக் காரணம் மறையுண்மை எதுவும் அன்று. திருவழிபாட்டுச் சட்டமும் அன்று. பெண்கள் கைப்பந்து.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே அமைந்த ஒரு சிற்றூர்ப் பங்கில் நாம் சில ஆண்டுகள் பணியாற்றினோம். ஆலயத்தை ஒட்டி ஓர் உயர்நிலைப் பள்ளி. மாணவ மாணவியர் இருநூறு பேருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. ஆனால் அப்பள்ளியின் கைப்பந்து அணி மாநிலத்தில் பேர் பெற்றது. இலையுதிர்காலத்து மாலைகளில் மாலைத் திருப்பலிக்கு வருவோரைவிட விளையாட்டுக் கூடத்திற்கு வருவோர் அதிகம் என்பதை வருத்தத்தோடு கண்டுகொண்ட நாம், சில வாரங்களில் நாமும் அங்கே போய் அமரத் தொடங்கினோம்.

அந்நாட்டில் பள்ளி விளையாட்டுகளை வகைப்படுத்தும் முறை நம்மூரிலிருந்து வேறுபட்டது. தமிழகத்தில் பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் என்று பிள்ளைகளின் வயதைப் பார்க்கிறோம். மூவாயிரம் பேர் பயிலும் நகரப் பள்ளியும் நூற்றெண்பது பேர் பயிலும் ஊராட்சிப் பள்ளியும் ஒரே குறுவட்டப் போட்டியில் மோதுவது நமக்கு வியப்பாய்ப்படுவதில்லை. அங்கோ பள்ளியின் தலைகளை எண்ணுகிறார்கள். மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளையும் மாணவர் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, வரிசையை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் கோப்பை வைப்பது இந்தியானாவில் கைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் வழக்கமாயிருந்தது.

இவ்வழக்கமும் பழையதன்று. 1911 தொடங்கி 1997 வரை அம்மாநில ஆண்கள் கூடைப்பந்துக்கு ஒரே கோப்பைதான். 1954ஆம் ஆண்டு நடந்ததை நமது பங்கின் முதியவர்கள் விவிலிய வரலாறு சொல்வதுபோலவே சொல்வார்கள். எழுநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் கலந்துகொண்ட போட்டி. மைலன் என்னும் சிற்றூரின் பள்ளியில் மொத்தமே 161 பேர். இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்ற மன்சி சென்ட்ரல் பள்ளியோ அதைப்போல் பத்து மடங்கு பெரிது. ஆட்டம் முடியும் நொடியில் பாபி பிளம்ப் என்ற இளைஞன் எறிந்த பந்து வளையத்துள் விழ, 32க்கு 30 என்று மைலன் வென்றது. 1986இல் வந்த 'ஹூசியர்ஸ்' என்னும் திரைப்படத்திற்கு வித்து இதுதான். தாவீதும் கோலியாத்தும் என்று யாரேனும் தொடங்கினால் அன்றைய மாலை அதிலேயே கழியும். அடுத்த ஆண்டு, 1955இல், கறுப்பின மாணவர்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டிருந்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி அதே கோப்பையை வென்றதை மட்டும் எவரும் அவ்வளவு விரிவாகச் சொல்லக் கேட்டதில்லை.

மைலனுக்குப் பின் 1997 வரை அத்தனை சிறிய பள்ளி எதுவும் அக்கோப்பையைத் தொடவில்லை. ஒரு புதுமை நாற்பதாண்டுத் தோல்விகளை மறைத்து நின்றது எனலாம். ஆகவே 1997–98ஆம் கல்வியாண்டில் நான்கு பிரிவுகள் வந்தன. பிளம்ப் உட்படப் பலர் எதிர்த்தனர். எதிர்ப்பின் சூடு நாம் அங்கிருந்த காலத்திலும் ஆறியிருக்கவில்லை.

பிரிவுகள் வந்தபின் வேறொரு முணுமுணுப்பு எழுந்தது. சிறிய பிரிவுகளின் கோப்பைகளில் பலவற்றை நம்மவர், அதாவது கத்தோலிக்கப் பள்ளிகள், எடுத்துச் செல்லத் தொடங்கினர். இருநூறும் இருநூறும் சமம் என்றுதானே ஒரே பிரிவில் வைத்தார்கள்? ஆனால் அரசுப் பள்ளியின் இருநூறு பேர் ஒரு சேர்க்கை எல்லைக்குள் வாழ்கிற இருநூறு பேர். எவர் வந்து பிறந்தாரோ அவர்தாம். தனியார் பள்ளிக்கு அத்தகைய எல்லை இல்லை. கட்டணம் கட்டவும் காரோட்டி வரவும் இயன்ற குடும்பம் எங்கிருந்தும் வரலாம். அண்டை மாநிலமான இல்லினாய் இதற்குத் தீர்வாக 2005–06ஆம் கல்வியாண்டில் 1.65 என்றொரு பெருக்கெண்ணைக் கொண்டுவந்தது. எல்லையில்லாத பள்ளியில் ஐந்நூறு பேர் பயின்றால் பிரிவு பிரிக்கும்போது அது 825 பேர் பயிலும் பள்ளியாகக் கொள்ளப்படும். மிசூரி மாநிலம் அதற்கு முன்பே 1.35 என்ற எண்ணைக் கையாண்டது. ஒரு கத்தோலிக்கப் பிள்ளை ஒன்றேமுக்கால் பிள்ளைக்குச் சமமோ என்று நம்மவர் கேலியும் கோபமுமாய்ப் பேசினர்.

இந்தியானா பெருக்கெண்ணை ஏற்கவில்லை. 2012இல் அதன் விளையாட்டுச் சங்கம் வேறொரு வழி கண்டது. மாநிலக் கோப்பைக்கு நான்கு புள்ளி, அதற்குக் கீழ்ப்பட்ட சுற்றுகளில் வென்றால் மூன்று, இரண்டு, ஒன்று. இரண்டாண்டுகளில் ஆறு புள்ளி சேர்த்த அணி, அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, அடுத்த பெரிய பிரிவுக்கு ஏற வேண்டும். நமது பெண்கள் ஆறைத் தாண்டியிருந்தார்கள். 2013 இலையுதிர்காலம் முதல் தங்களைப்போல் இருமடங்கு பெரிய பள்ளிகளோடு ஆட வேண்டும் என்பது உறுதியாயிற்று.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பணி விலகி, உலகமே உரோமையை நோக்கியிருந்த தவக்காலம் அது. நமது பங்குப் பேரவையோ இரண்டரை மணி நேரம் கைப்பந்தைப் பற்றிப் பேசியது. வென்றதற்குத் தண்டனையா என்றனர். முதியவர் ஒருவர் எழுந்து, 1942 வரை இதே சங்கம் கத்தோலிக்கப் பள்ளிகளையும் கறுப்பினப் பள்ளிகளையும் முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாமல் வெளியே நிறுத்தியிருந்ததை நினைவூட்டினார். அது உண்மை. தம் அண்ணன் ஆட முடியாமற்போனதை அவர் சொன்னபோது குரல் உடைந்தது. அன்றிரவே நாம் பங்கு மடலுக்கு எழுத அமர்ந்தோம். அன்று கதவைச் சாத்தியவர்கள் இன்று வேறு கதவைச் சாத்துகிறார்கள் என்ற பொருளில், சற்றே அழகாகவும் எழுதினோம். அடுத்த ஞாயிறு பலர் கைகுலுக்கினார்கள். அந்தக் கைகுலுக்கல்கள் நமக்கு இனித்தன என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அங்கே பங்கு மண்டபத்தில் மீன் பொரித்து ஊருக்கே விருந்து வைப்பார்கள். கத்தோலிக்கர் அல்லாதாரும் திரளாக வருவர். மடல் வந்த வெள்ளியன்று, பத்துக் கல் தொலைவிலிருந்த ஓர் அரசுப் பள்ளியின் கைப்பந்துப் பயிற்சியாளர் தட்டோடு நம்மெதிரே வந்தமர்ந்தார். அறுபதை நெருங்கியவர். மடல் அவர் கைக்கு எவ்வாறோ கிடைத்திருந்தது.

"ஃபாதர், 1942 பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கள் பள்ளி அன்று உள்ளே இருந்தது; உங்கள் பள்ளி வெளியே இருந்தது. அதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் இன்று நடப்பது அதுவா?" என்று தொடங்கினார்.

நாம் பெருக்கெண்ணைப் பற்றியும் வென்றவரைத் தண்டிப்பது பற்றியும் ஆயத்தமாய் வைத்திருந்த வாதங்களைச் சொன்னோம். அவர் மீனைப் பிட்டபடியே கேட்டார்.

"எங்கள் எல்லைக்குள் யார் இருக்கிறார்களோ அவர்களைக் கொண்டுதான் நான் அணி கட்ட வேண்டும். அவர்களிலும் பாதிப்பேர் இலவச உணவு பெறுகிறவர்கள். கோடையில் தனியார் குழுக்களில் சேர்ந்து ஆடப் பணம் கட்ட அவர்களால் முடியாது. போகட்டும். உங்கள் அணியில் களத்தில் நிற்கும் ஆறு பேரில் எத்தனை பேர் இந்தப் பங்கின் பிள்ளைகள்?"

மூவர். அது நமக்குத் தெரியும். மற்ற மூவரும் அண்டை ஊர்களிலிருந்து தினமும் காரில் வந்தார்கள். எவரும் அவர்களை வலைவீசிப் பிடித்ததில்லை. பள்ளியின் ஒழுக்கத்திற்காகவும் மறைக்கல்விக்காகவும் வந்தார்கள்; நல்ல கைப்பந்து அணி இருப்பதற்காகவும் வந்தார்கள். எது எவ்வளவு என்று பெற்ற தாய்க்கே தெரியாது.

"அந்த மூவரில் ஒருத்தி எங்கள் ஊர்ப் பெண்" என்றார் அவர். அதற்கு மேல் பேசவில்லை. உருளைக்கிழங்கு நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. வந்து நின்றது இந்தியானா அன்று. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தில் நாம் தாளாளராயிருந்த பள்ளியின் கபடிக் களம். பெரிய பள்ளி, விடுதியும் உண்டு. ஓராண்டு உடற்கல்வி ஆசிரியர் வந்து, கடற்கரைச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான்கு பையன்கள் அருமையாய் ஆடுகிறார்கள், ஏழைகள், இலவசமாக விடுதியில் இடம் கொடுத்தால் வருவார்கள் என்றார். கொடுத்தோம். அதை அறச்செயல் என்றே கணக்கில் எழுதினோம். அது அறச்செயல்தான், அந்த நால்வரும் மூன்று வேளை உண்டார்கள், படித்தார்கள், இருவர் இன்று காவல்துறையில் இருக்கிறார்கள். ஆனால் கபடி ஆடாத ஏழைப் பையன் ஒருவனுக்கு அவ்வாண்டு விடுதியில் இலவச இடம் கொடுத்தோமா என்று கேட்டால் பதில் இல்லை.

குறுவட்டப் போட்டியின் முதல் ஆட்டமே அந்தச் சிற்றூர்ப் பள்ளியோடு அமைந்தது. எழுவர் வேண்டிய ஆட்டத்தில் அவர்கள் எப்படியோ எழுவரைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். அதில் இருவர் சிறுவர், கால்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஆட்டம் விரைவில் முடிந்தது. அவர்களுடைய தலைமையாசிரியர் நம்மிடம் வந்து கைகூப்பி, "பரவாயில்லை சாமி, நம்ம பசங்கதானே ஜெயிச்சிருக்காங்க" என்றார். அதில் குத்தல் இருந்ததா, பெருமை இருந்ததா என்று இன்றுவரை விளங்கவில்லை. அப்போது நாம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

குருமடத்தில் புனித அக்குவினா தோமாவின் இறையியல் தொகுப்பில் பங்கீட்டு நீதி பற்றிய பகுதியைப் படித்தபோது, அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் இரு வகைச் சமத்துவத்தைப் பிரித்துக் காட்டுவது தேர்வுக்கான செய்தியாகவே நமக்கு இருந்தது. வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையே எண்ணுக்கு எண் சமம் வேண்டும். பொதுவில் உள்ளதைப் பகிரும்போதோ ஆளுக்குத் தக்க விகிதம் வேண்டும். எதற்குத் தக்க விகிதம் என்பதுதான் எல்லாச் சண்டைக்கும் ஊற்று. தலை எண்ணிக்கைக்குத் தக்கதா? எல்லைக்குத் தக்கதா? பொருள் வசதிக்குத் தக்கதா? மினசோட்டா, ஓரிகன் போன்ற மாநிலங்கள் சலுகை உணவு பெறும் ஏழை மாணவரின் எண்ணிக்கையில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுப் பள்ளியின் பிரிவைக் கணித்ததைப் பின்னர் அறிந்தபோது, இந்த நீதிக் கணக்கை நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள் விளையாட்டுச் சங்கங்களில் இருக்கிறார்கள் என்று தோன்றியது.

எந்த அளவுகோலும் குறையற்றதன்று. இல்லினாய் வகுத்த பெருக்கெண் நீ யார் என்று கேட்கிறது. நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்காக நடக்கிற, கோப்பையே கண்டிராத கத்தோலிக்கப் பள்ளியும் தொடக்கத்தில் அதில் சிக்க இடமிருந்தது. இந்தியானாவின் வெற்றிக் கணக்கு நீ என்ன செய்தாய் என்று மட்டும் கேட்கிறது. ஆனால் அதிலும் வெற்றி பெற்றவர்கள் படிப்பு முடிந்து போயிருப்பார்கள். அவர்கள் சேர்த்த புள்ளிகளை அடுத்து வரும் தங்கைகள் சுமக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பின்னதையே தேர்ந்தெடுப்போம். யாருடைய பெயரையும் குறித்து வைக்காத சட்டம் அது. 1942க்கு முன் நம்மை வெளியே நிறுத்திய சட்டம் பெயர் குறித்த சட்டம். இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதியதுதான் நாம் செய்த பிழை. அந்த முதியவருடைய அண்ணனின் வலியை எடுத்து நம்முடைய கோப்பைக்குக் காவல் வைத்துவிட்டோம்.

அடுத்த மாத மடலில் இதை எழுதினோம். இம்முறை அழகாய் வரவில்லை. கைகுலுக்கல்கள் குறைந்தன. ஒரு குடும்பம் சில மாதங்கள் காணிக்கை உறையைப் போடாமல் விட்டது. அந்த முதியவர் மட்டும் திருப்பலி முடிந்து சாக்கிறிஸ்துக்கு வந்து, "அண்ணனுக்குக் கோப்பை வேண்டியிருக்கவில்லை ஃபாதர், ஆட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்" என்று சொல்லிப் போனார்.

அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் நமது பெண்கள் பெரிய பிரிவில் ஆடினார்கள். பருவத்தின் நடுவே பல ஆட்டங்களில் வென்றார்கள், நன்றாகவே ஆடினார்கள். கோப்பைப் போட்டியின் முதல் சுற்றிலேயே, தங்களைவிடப் பெரிய ஒரு பள்ளியிடம் தோற்றார்கள். கடைசிப் புள்ளி விழுந்தபோது நமது பக்கத்து இருக்கைகளில் பாதி காலியாயிருந்தது. திரும்பிப் பார்த்தோம், இரண்டு வரிசைக்கு மேலே அந்த அரசுப் பள்ளிப் பயிற்சியாளர் தனியே அமர்ந்திருந்தார். நம் அணி மேலே போய்விட்ட பிரிவில் ஆடியும் அவருடைய அணி அந்த வாரமே தோற்றிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் அவருடைய ஊர்ப் பெண் அழுதபடியே படியேறி அவரிடம் போனாள். அவர் அவள் வலக்கையைப் பிடித்து, தோளை இன்னும் சற்று உயர்த்த வேண்டும் என்பதுபோல் ஏதோ காட்டினார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னபடி ஒருமுறை வெறுங்கையை வீசிப் பார்த்தாள்.