பிறந்த தேதியும் போட்டிக் களமும்
(முன்னாள் உடற்கல்வி ஆசிரியை ஒருவர்)

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று சிஸ்டர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த என்னிடம் மாணவியரும் பெற்றோரும் ஓயாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், நான் எந்தப் பிரிவு?" என்பதே அது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாளில் இந்தக் கேள்விக்கு விடை கேட்டுத் துள்ளிக் குதித்தவர்களும் உண்டு. கழிவறைக்குள் போய் அழுதவர்களும் உண்டு. அதிலும் நான் விரும்பிக் கற்பித்த ஜிம்னாஸ்டிக்ஸில் இந்த வயதுக் கணக்கு மற்ற விளையாட்டுகளைப் போன்றதன்று. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எட்டு வயதுக் குழந்தையையும் பதினெட்டு வயதுப் பெண்ணையும் ஒரே வரிசையில் நிறுத்திப் போட்டி நடத்துவது நியாயமாகாது. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். நம் நாட்டுப் பள்ளி விளையாட்டுகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்கள். போட்டி நடக்கும் நாளில் உங்களுக்கு என்ன வயது என்று பார்ப்பதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியன்று என்ன வயதாகியிருக்கும் என்றுதான் பார்க்கிறார்கள். ஆகவே ஒரே ஆண்டில் ஜனவரி முதல் தேதி பிறந்தவளும் டிசம்பர் 31ஆம் தேதி பிறந்தவளும் ஒரே பிரிவு. ஏறத்தாழ ஒரு முழு ஆண்டு இளையவளாக இருந்தாலும் அவளுக்குச் சலுகை இல்லை. ஆனால் டிசம்பர் 31ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு ஒருத்தியும், இரண்டு மணி நேரம் கழித்து மற்றொருத்தியும் பிறந்திருந்தால், ஏதோ ஓர் ஆண்டில் இருவரும் வேறு வேறு பிரிவுக்குப் போய்விடுவார்கள்!

இதைவிட நல்ல வழி இல்லையா என்று கேட்கலாம். என் பழைய மாணவி ஒருத்தி அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறாள். அவளுடைய மகளும் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். அங்கே முதலில் வயதைப் பார்ப்பதில்லை, திறமையைப் பார்க்கிறார்கள். முதல் நிலை தொடங்கிப் பத்தாம் நிலை வரை படிகள் உண்டு. ஒரே நிலையில் உள்ளவர்களைத்தான் பிறகு வயதுப்படி பிரிக்கிறார்கள். பல போட்டிகளில் அந்தப் பிரிவுக்கும் நிலையான கோடு கிடையாது. பெயர் கொடுத்தவர்கள் 36 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி வரிசையில் பட்டியல் எழுதி, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மூன்று குழுக்களாக்கிவிடுவார்கள். எல்லாக் குழுவிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை. எல்லாக் குழுவுக்கும் பதக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுடைய மகள் ஒரு போட்டியில் நடுக் குழுவில் மூத்தவளாக இருந்தாளாம். அடுத்த போட்டிக்கு வேறு ஊர்ச் சிறுமிகள் வந்து சேர்ந்ததால், மூத்த குழுவில் கடைக்குட்டியாகிவிட்டாளாம். "கோடு நகர்ந்துகிட்டே இருக்கு டீச்சர், அழுகை மட்டும் அப்படியேதான் இருக்கு" என்று தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். எந்த முறையில் கோடு போட்டாலும் கோட்டின் ஓரத்தில் ஒரு குழந்தை நிற்கத்தான் செய்யும்.

இனி, ஜிம்னாஸ்டிக்ஸுக்கே உரிய சங்கதிக்கு வருகிறேன். பெரும்பாலான விளையாட்டுகளில் மூத்தவர்களுக்கே சாதகம் அதிகம். உயரம், எடை, வலிமை எல்லாம் வயதோடு வருபவை. ஆகவே அங்கே ஏமாற்ற நினைப்பவர்கள் வயதைக் குறைத்து எழுதுவார்கள். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் நிலைமை தலைகீழ். பத்து சென்டிமீட்டர் அகலமே உள்ள பீம் மீது கரணம் போடவும், கம்பியைச் சுற்றிச் சுழலவும், சிறிய, எடை குறைந்த உடல் மிகவும் வசதி. ஆகையால் இங்கே 'இதற்கு மேல் வயது ஆகக் கூடாது' என்ற விதியைக் காட்டிலும், 'இதற்குக் கீழே வயது இருக்கக் கூடாது' என்ற விதியே முக்கியமானது.

ருமேனியாவின் நாடியா கோமனெச்சி 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 14 வயதில் பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்றதை நீங்கள் படித்திருப்பீர்கள். அப்படி ஒரு மதிப்பெண் வரும் என்று எதிர்பாராததால், மதிப்பெண் பலகையில் 1.00 என்றுதான் காட்ட முடிந்தது. அன்று குறைந்தபட்ச வயது 14. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு 1981இல் அதை 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தியது. இங்கும் அந்த ஆண்டு முடிவதற்குள் 16 நிறைந்தால் போதும் என்பதே கணக்கு. இந்த விதி அன்று இருந்திருந்தால் நாடியா அந்த ஒலிம்பிக்கில் கலந்துகொண்டிருக்கவே முடியாது. ஆனாலும் விதியை உயர்த்தியதற்குக் காரணம் உண்டு. வளரும் எலும்பின் முனையில் இருக்கும் குருத்தெலும்பு மென்மையானது. நாள்தோறும் பல மணி நேரம் கைகளை ஊன்றிக் குதிக்கும் சிறுமியருக்கு மணிக்கட்டில் அந்தப் பகுதி புண்பட்டுப்போவதை மருத்துவர்கள் அறிவார்கள். குழந்தை குழந்தையாக இருக்க வேண்டிய காலத்தைப் பதக்கத்துக்காகச் செலவழித்துவிடக் கூடாது என்ற கவலையும் இருந்தது.

ஆனால் விதி உயர உயர, அதைத் தாண்டிக் குதிப்பவர்களும் தோன்றினார்கள். 1985இல் உலகப் போட்டியில் பீம் பிரிவில் தங்கம் வென்ற ருமேனியாவின் டானியேலா சிலிவாஷுக்கு அப்போது உண்மை வயது 13. தன் பிறந்த ஆண்டை 1972 என்பதிலிருந்து 1970 என்று மாற்றிவிட்டார்கள் என 2002இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். வட கொரியாவின் கிம் குவாங் சுக் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் 15 வயதுடையவராகவே பதிவு செய்யப்பட்டார். அதன் விளைவாக அந்நாட்டு அணி 1993ஆம் ஆண்டு உலகப் போட்டியில் கலந்துகொள்ளத் தடை விதிக்கப்பட்டது. சீனாவின் டோங் பாங்சியாவ் 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆடியபோது 14 வயதுதான் என்பது பத்தாண்டுகள் கழித்து வெளிவந்தது. 2010இல் அந்த அணியின் வெண்கலப் பதக்கம் பறிக்கப்பட்டு அமெரிக்க அணிக்குக் கொடுக்கப்பட்டது. தவறே செய்யாத அவருடைய தோழியரும் பதக்கத்தை இழந்தார்கள். இவர்களில் எந்தச் சிறுமியும் தன் கையால் தேதியைத் திருத்திக்கொண்டவள் அல்லள். திருத்தியவர்கள் பெரியவர்கள், தலைகுனிவு மட்டும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது.

வயதைக் கூட்டி எழுதுவது நமக்கும் புதிதன்று. நான் 1963ஆம் ஆண்டு ஐப்பசி அடைமழையில் பிறந்ததாக என் தாயார் சொல்வார். ஆனால் என் சான்றிதழில் ஜூன் 1 என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் முதல் வகுப்பில் சேர்க்கும்போது, வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது! எனக்குக் கை நீளம், தொட்டுவிட்டேன். ஜூன் மாதத் தேதி ஒன்றைத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார். என் தலைமுறையில் இப்படி ஜூன் மாதத்தில் 'பிறந்தவர்கள்' ஊருக்கு ஊர் உண்டு. இன்று காதைத் தொடுவதற்குப் பதிலாக மணிக்கட்டு எலும்பைப் படம் எடுக்கிறார்கள். 17 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கான உலகக் கோப்பைக் கால்பந்தில் 2009 முதல் அவ்வாறு பார்க்கிறார்கள். ஆனால் கடுமையான பயிற்சி செய்யும் ஜிம்னாஸ்டிக்ஸ் சிறுமியருக்கு எலும்பு முதிர்ச்சி தாமதமாவதுண்டு. ஆகவே இந்த விளையாட்டில் எலும்பைப் பார்த்து வயது சொல்வது எளிதன்று. கடைசியில் நம்ப வேண்டியது பெற்றோரின் வாய்ச்சொல்லையும் ஒரு காகிதத்தையும்தான்.

அந்தக் காகிதம் ஒருமுறை என் மேசைக்கும் வந்தது. 2011ஆம் ஆண்டு என்னிடம் பழகிய இரண்டு பெண்கள் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒருத்தி 1997 டிசம்பர் 29இல் பிறந்தவள்; மற்றவள் 1998 ஜனவரி 4இல் பிறந்தவள். போட்டி நாளன்று இருவருக்கும் 13 வயதுதான். ஆனால் இளையவள் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போனாள். மூத்தவளோ ஆறே நாள் வித்தியாசத்தில் பதினாறு வயதுப் பெண்களோடு நிற்க வேண்டியதாயிற்று. மறுநாள் அவளுடைய தாயார் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

"மூணே மூணு நாள் தள்ளி எழுதினா போதும் டீச்சர். வேற சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

அவரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. மகள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பயிற்சிக்கு ஓடிவந்ததைப் பார்த்தவர் அவர்.

"தெரிய வேண்டியவ இதோ பக்கத்துலயே நிக்கிறாளே அம்மா" என்றேன்.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்தான், "நான் பெரியவங்களோடயே செய்றேன் டீச்சர்" என்றாள்.

அந்த ஆண்டு அவளுக்குப் பதினாறாவது இடம். தோழிக்கு அவளுடைய பிரிவில் இரண்டாவது இடம், பதக்கம். திரும்பி வரும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த ஆண்டு தோழிக்கும் வயது கோட்டைத் தாண்டியது. இருவரும் ஒரே பிரிவு. முந்தின ஆண்டே பெரியவர்களோடு நின்று பழகியவள் ஆறாவதாக வந்தாள். புதிதாக வந்தவள் பதினைந்தாவதாக வந்தாள். இம்முறை அழுதவள் வேறொருத்தி. அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழே கோடு போட்டவர்கள் மேலே கோடு போடவில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் இறுதிப் போட்டியில் தங்கம் வென்ற சிமோன் பைல்ஸுக்கு வயது 19. வெறும் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்த நம் திரிபுரா மாநிலத்துத் தீபா கர்மாகருக்கு 23. அதே களத்தில் ஓடிவந்து குதித்த உஸ்பெகிஸ்தானின் ஒக்சானா சுசோவிட்டினாவுக்கு 41! 1992இல் தொடங்கிய அவர், 2021இல் நடந்த டோக்கியோ போட்டியையும் சேர்த்து எட்டு ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டார். அவசரப்பட்டு வயதைக் கூட்டிக் களத்தில் இறக்கப்பட்ட சிறுமியருக்கு இவ்வளவு நீண்ட பாதை முன்னால் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை போலும்.

மாணவியரே! உங்கள் பிரிவு எதுவென்று அடுத்த முறை பலகையில் ஒட்டும்போது, கோட்டின் எந்தப் பக்கத்தில் நின்றாலும் கலங்காதீர்கள். கோடு ஆண்டுதோறும் நகரும். இன்று கடைக்குட்டியாக இருப்பவள் நாளை மூத்தவள் ஆவாள். பெற்றோரே! விண்ணப்பத்தில் பிறந்த தேதி எழுதும் இடத்தில் உங்கள் மகள் பிறந்த தேதியையே எழுதுங்கள். அவளுக்குக் கிடைக்கும் இடம் பதினாறாவதாக இருந்தாலும், அது அவளுடைய இடமாகவே இருக்கட்டும்.