ரேடியோவைக் கூட்டி வைத்த நாட்கள்



நாங்கள் மூன்று பேர். ஒரே வார்ட், ஒரே இரவு ஷிப்ட், ஒரே கார். 2005ஆம் ஆண்டுக் கார் அது. வெள்ளிக்கிழமைகளில் உங்களில் சிலரை வாலிபர் கூட்டத்துக்கு ஏற்றி வருவதும் அதில்தான். பின் சீற்றில் இருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும்.

முதலில் வந்தது நடுக்கம். எம்25 மோட்டார்வேயில் ஏற வேகம் கூட்டினால் கார் உதறும். ஒரு கராஜில் ரயர்களை பலன்ஸ் செய்தார்கள். திரும்பவும் செய்தார்கள். பிறகு ஒரு வீல் பெயரிங்கையும் மாற்றினார்கள். காசு போனது, நடுக்கம் போகவில்லை. இதற்கிடையில் வளைவில் திரும்பினால் முன்சில்லில் 'டக் டக் டக்' என்று தொடங்கியது. நாங்கள் ரேடியோவைக் கூட்டி வைத்தோம். ஒரு நோயாளி இப்படிச் செய்திருந்தால் எவ்வளவு ஏசியிருப்போம்!

மெக்கானிக் வேலை பழகும் எங்கள் சபைத் தம்பி ஒருவர்தான் கேட்டார்: "அக்கா, எப்ப நடுங்குது? ஆக்சிலேற்றரில இருந்து காலை எடுத்தா நிக்குதா?"

நெஞ்சு நோவோடு வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பதே இதுதான்: எப்போது வரும், எது செய்தால் கூடும், எது செய்தால் குறையும்? காருக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. கராஜில் "நடுங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தோம்.

காலை எடுத்தால் நின்றது. ரயர் பலன்ஸ் பிழையென்றால் குறிப்பிட்ட வேகத்தில் வரும், காலை எடுத்தாலும் இருக்கும். பெயரிங் தேய்ந்தால் வேகத்தோடு கூடும் இரைச்சல். மிதிக்கும்போது மட்டும் உதறினால் டிரைவ் ஷாஃப்டின் உள் மூட்டைப் பார்க்க வேண்டுமாம். திரும்பும்போது டக் டக் என்றால் வெளி மூட்டு. ஆளில்லாத கார் பார்க்கில் ஸ்ரியறிங்கை முழுதாக இடப்பக்கம் திருப்பி மெல்ல ஓட்டச் சொன்னார். சத்தம் கூடியது. "அப்ப பெரும்பாலும் வலப்பக்க ஷாஃப்ட்தான்" என்றார்.

சில்லுக்குப் பின்னால் டோர்ச் அடித்துக் காட்டினார். றபர் உறை கிழிந்து, கிறீஸ் சுற்றிவரத் தெறித்திருந்தது. கிறீஸ் போன இடத்தில் மணலும் மழைத்தண்ணீரும் புகுந்து உள்ளே இருக்கும் இரும்புக் குண்டுகளை அரித்துவிட்டன. கிழிந்தவுடன் பார்த்திருந்தால் உறையையும் கிறீஸையும் மாற்றியே தப்பியிருக்கலாம். போன எம்.ஓ.ரி. தாளில் உறை பழுதாகிறது என்று எழுதியே இருந்தது. நாங்கள் 'பாஸ்' என்ற சொல்லை மட்டும் வாசித்திருந்தோம். மூட்டு முற்றாகக் கழன்றால் எஞ்சின் ஓடும், கார் ஓடாது. அதுவும் மோட்டார்வே நடுவில், பின் சீற்றில் நீங்கள்.

ஒரு சனிக்கிழமை, அவர் வேலை பழகும் இடத்திலேயே ஷாஃப்டை முழுதாக மாற்றினோம். நாங்கள் சாமான் எடுத்துக் கொடுத்ததுதான், வேறொன்றுமில்லை. ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக்கூடாது என்று ஸ்ராண்ட் வைத்தார். பழைய நட்டைத் திரும்பப் போடாமல் புதியதைப் போட்டு, டோர்க் ஸ்பானரால் அளவாக இறுக்கினார். கியர்பொக்ஸில் இருந்து ஒழுகிய எண்ணெய்க்கும் ஈடு ஊற்றினார்.

கழற்றிய மூட்டைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தோம். லொட லொடவென்றது.

அன்றிரவு ஷிப்டுக்குப் போகும்போது ஒருவரும் ரேடியோ போடவில்லை.